வாடகை வீட்டின் கிழக்குச் சுவர்

அக்கா,

வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்தார்களே, அந்த வருஷம். அலை வந்து கரையையெல்லாம் வழித்துக்கொண்டு போய் ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத்து வாசனை இன்றைக்குக் காலையில் எதிர்வீட்டிலிருந்து வந்தது. ஏசி மாட்டுவதற்காகச் சுவரை உடைக்கிறார்கள். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து உடைத்தார்கள். பழைய செங்கல்லில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வருமே, மழை பெய்த மண்ணும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, ரெண்டுக்கும் நடுவே ஒன்று. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து, "என்னப்பா, மயக்கமா?" என்றாள். மயக்கமில்லை. நீ கடப்பாரையோடு நின்றது கண்ணுக்குள் வந்துவிட்டது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். என் பேச்சை அங்கங்கே நேராக்கிக்கொள்கிறாள். ஆக்கட்டும்.

மாமா போன பிறகு பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பை நீ விற்றபோது சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை. உன் கொழுந்தனார் என்னை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "உங்கக்காவுக்கு மூளை கலங்கிப்போச்சு. காய்க்கிற தோப்பைக் குடுத்துட்டு, காரை பேந்து நிக்கிற லாட்ஜை வாங்குறா." காரை பேந்து நின்றது உண்மைதான். சிதம்பரம் ரயிலடிக்குப் பக்கத்தில் நீ வாங்கியது, ஒரு காலத்தில் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கிய லாட்ஜ். மொட்டை மாடியில் அரசங்கன்று முளைத்து, அதன் வேர் மாடிப்படி வரை இறங்கியிருந்தது. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறிக்கொண்டு வரும். அதைச் சின்னச் சின்ன வீடாகப் பிரித்து வாடகைக்கு விடப்போகிறேன் என்றாய். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, ஒரு பாத்ரூம். புருஷன் இல்லாத, பிள்ளை இல்லாத பொம்பளை. என்ன தைரியம் என்று அப்போதே நினைத்தேன். அது ஒன்றுமே இல்லை என்று பிறகு தெரிந்தது.

அலைக்கு அப்புறம் கடலூர் ஹார்பரில் மூட்டை தூக்குகிற வேலை எனக்கு இல்லாமல் போனது. நீ ஆள் அனுப்பவில்லை. நீயே பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாய்.

"ஏண்டா தம்பி, இப்பிடி ஒக்காந்து கடலை மொறைச்சிக்கிட்டே இருந்தா அது வந்து மன்னிப்பா கேக்கப்போவுது? எழுந்திரு. வந்து என் செவுத்துக்குத் தண்ணி ஊத்து."

வந்தேன். பூசின சுவருக்குக் காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினேன். மணல் சலித்தேன். உன் வேலை எப்படிப்பட்டது என்று அங்கேதான் பார்த்தேன்.

ஒரு வீடு முடிந்தால் நீ உடனே ஆள் வைக்க மாட்டாய். பாயையும் ஸ்டவ்வையும் தூக்கிக்கொண்டு முதலில் நீ குடிபோவாய். அங்கேயே சமைப்பாய், அங்கேயே குளிப்பாய். குழம்பு தாளிக்கிற புகை எந்தப் பக்கம் போய் முட்டுகிறது, பாத்ரூம் தண்ணீர் ஹாலுக்குள் எட்டிப் பார்க்கிறதா, மத்தியானம் எந்த மூலை கொதிக்கிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு, கொத்தனார் ரஹீம் பாயைத் திரும்பக் கூப்பிடுவாய். பாய் தலையில் கை வைத்துக்கொள்வார்.

"அக்கா, குடி வர்றவங்க பாத்துக்குவாங்க. ஓனருக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"ஓனரு ஒரு தடவையாச்சும் அந்த வீட்ல சளி புடிச்சுப் படுத்துப் பாக்கணும் பாய். ஒடம்பு நல்லா இருக்கும்போது எல்லா வீடும் நல்ல வீடுதான்."

மற்ற ஓனர்கள் ஆணி அடிக்கக்கூடாது என்பார்கள். நீ ஒவ்வொரு ஹாலிலும் நீயே ஆணி அடித்து வைத்தாய். "சாமி படமும் செத்தவங்க படமும் மாட்டாம எவ குடித்தனம் பண்ணுவா?" என்றாய்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மற்ற ஓனர்கள் மாதிரியே கேட்பாய். "வீட்ல வயசானவங்க யாராச்சும் இருக்காங்களா?" எல்லா ஓனரும் அதைக் கேட்பதற்கு ஒரே காரணம்தான். வாடகை வீட்டில் உயிர் போனால் அடுத்து ஆள் வர யோசிப்பார்கள். அதனால் படுக்கையில் கிடக்கிற கிழடு இருந்தால் வீடு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் செத்தவனைக் கொண்டுவந்து தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். நீயும் அதற்குத்தான் கேட்கிறாய் என்று இருந்தேன்.

அப்போதுதான் ஏழுமலை வந்தான். சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். அவன் சம்சாரம் கருவாடு விற்கிறவள், பிச்சாவரம் பக்கத்துக் குப்பத்துப் பெண். குப்பத்து வீட்டை அலை கொண்டு போய்விட்டது. கருவாட்டு வாசனை என்று ரெண்டு மூன்று ஓனர்கள் துரத்தியிருந்தார்கள். ஏழுமலை பணிவாகப் பேசிக்கொண்டே இருந்தான். அவள் ஒரு பக்கமாக நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ வழக்கமான கேள்வியைக் கேட்டாய். அவன் தலையைக் குனிந்தான். அவள் முன்னால் வந்தாள்.

"இருக்காரு பெரிம்மா. எங்கப்பா. படுக்கையா கெடக்காரு. பொய் சொல்லி வந்துட்டு அப்பறம் உங்க வாயில வுழ வேணாம்."

"அப்ப மாடி வேணாம்," என்றாய் நீ. "கீழ் வீட்டை எடுத்துக்க. பாத்ரூம் கதவு அகலமா வச்சிருக்கேன், கட்டிலோட தூக்கிக்கிட்டுப் போவலாம்."

நான் மணல் சலித்துக்கொண்டிருந்த சல்லடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கதவை எதற்கு அவ்வளவு அகலமாக வைக்கச் சொன்னாய் என்று நானும் பாயும் அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பெரியவர் கீழ் வீட்டுக்கு வந்தார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு மட்டும் தெளிவு. மாடியில் குடியிருந்த கோர்ட் கிளார்க்கின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அவரிடம் ஓடிவிடும். அவர் இடது கையால் தாயக்கட்டையை உருட்டிப் பிள்ளைகளை ஏமாற்றுவார். டிவி வந்ததும் அதைக் கட்டிலுக்கு எதிரில் வைத்தார்கள். எதை வேண்டுமானாலும் பார்ப்பார். கடலைக் காட்டினால் மட்டும், "மாத்து, மாத்து" என்பார்.

பொம்பளைகள் பேசிக்கொண்டதில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவர் சம்சாரத்தை அலை எடுத்துக்கொண்டது. உடம்பு கிடைத்த அன்றைக்கு வைக்க வீடும் இல்லை, குளிப்பாட்ட முற்றமும் இல்லை. அவர் மகள் உன்னிடம் சொன்னாள், நான் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றேன்:

"எங்கம்மா எந்த வீட்லேருந்தும் போவல பெரிம்மா. மண்ணுலேருந்து எடுத்து நேரா குழியில போட்டாங்க, இன்னும் எத்தினியோ பேரோட. அப்பாவாச்சும் ஒரு கூரைக்குக் கீழேருந்து போவட்டும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும். வேற எதுவும் வேணாம்."

நீ முந்தானையால் அவள் மூக்கைத் துடைத்துவிட்டாய், குழந்தைக்குச் செய்கிற மாதிரி.

தை கடந்து பெரியவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். யாரோ ஜோசியரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அங்கேதான் வினை. இன்னும் ரெண்டு நாளைக்கு அடைப்பு நட்சத்திரம் என்று சொல்லிவிட்டார் ஜோசியர். அடைப்பில் உயிர் போனால் அந்த வீட்டை மாசக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். வாசல் வழியாக எடுக்கவும் கூடாது. சுவரை உடைத்து அந்த வழியாகத்தான் எடுக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரனே கலங்கிப்போகிற சங்கதி. வாடகை வீட்டில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

கிளார்க் சார் சட்டை பட்டன் போட்டபடியே இறங்கி வந்தார்.

"ஓனரம்மா, இது சரியா வராது. ஜி.எச்.ல சேத்துடச் சொல்லுங்க. எங்க வீட்ல சின்னப் பசங்க இருக்கு. பயந்துக்கும்."

"பசங்க பயப்படலியே சார். நேத்து சாயங்காலம்கூட அவர் காலண்டைதான் ஒக்காந்து தாயம் ஆடிச்சுங்க. பயப்படுறது நீங்க. அதுக்கு என்ன, பெரியவங்களுக்கும் பயம் வரும்தான்."

"அப்ப நாங்க காலி பண்ண வேண்டியதுதான்."

"பண்ணுங்க. அட்வான்ஸை முழுசா வாங்கிக்கிட்டுப் போங்க. பசங்களை மட்டும் ஒரு தடவை அனுப்பி வைங்க, ஆட்டம் பாதியில நிக்குதாம்."

அந்தக் காலையிலேயே ஏழுமலை ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பின் சீட்டைக் கழற்றிப் பாய் விரித்திருந்தான். பெரியவரைக் குப்பத்துக்குக் கொண்டுபோய், அங்கே மிச்சமிருந்த வலைக் கொட்டகையில் வைத்துக்கொள்வதாக முடிவு. மகள் பாதித் தூரம் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் அழவில்லை, அதுதான் பார்க்க முடியவில்லை. நீ கொல்லையிலிருந்து ஈரக்கையோடு வந்தாய்.

"எங்கடா கெளம்பிட்டீங்க?"

"வேணாம் பெரிம்மா," என்றான் ஏழுமலை. "இவ்ளோ செலவு பண்ணிக் கட்டியிருக்கீங்க. ஒரு வீட்டைப் பூட்டிப் போட்டு, செவுத்தையும் ஒடைச்சு... உங்களுக்கு அந்த அடைப்பு எங்களால வேணாம்."

"வீடு யாருது?"

"உங்களுது."

"செவுறு யாருது?"

"உங்களுதுதான்."

"அப்ப அடைப்பும் என்னுதுதான். அதைத் தூக்கிக்கிட்டு எங்க போற? எறக்குடா அவரை."

நான் உன் காதோரம் வந்து, "அக்கா, யோசிச்சுக்க" என்றேன். நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். பெரியவர், மகள் தோளில் சாய்ந்திருந்தவர், உன்னைப் பார்த்து இடது கையைக் கும்பிடுகிற மாதிரித் தூக்கினார். ஒரு கை மட்டும். அந்த ஒரு கைக் கும்பிடு இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது.

மறுநாள் முற்பகலில் அவர் போனார். கூரைக்குக் கீழே, கட்டிலில், தலைமாட்டில் மகள் இருக்க.

ரஹீம் பாய் வந்தார். எந்தச் சுவர் என்று கேட்டார். நீ கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "இங்க" என்றாய்.

"அக்கா, இது புதுசாப் பூசின செவுறு. இன்னும் முழுசாக் காயவே இல்ல."

"பூசச் சொன்னது நானு. உனக்கு எங்க வலிக்குது?"

"மேல முட்டுக் குடுக்காம ஒடைச்சா மாடிக்கு விரிசல் வுடும்."

"அப்ப முட்டுக் குடு. ஒடைக்கிறதையும் நல்லாத்தான் ஒடைக்கணும்."

பாய் முட்டுக் கொடுத்தார். அப்புறமும் அவருக்குக் கை வரவில்லை. தான் கட்டினதைத் தானே உடைக்க யாருக்கு வரும்? நீ அவர் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினாய். சேலையை இழுத்துச் செருகினாய். முதல் குத்து நீ குத்தினாய், அக்கா. பூச்சு பொலபொலவென்று கொட்டியது. தூசி எழும்பியதும் நான் குடத்துத் தண்ணீரைத் தெளித்தேன். அப்போது வந்ததுதான் அந்த வாசனை.

செங்கல் ஒவ்வொன்றாக வெளியே போனது. அந்த அறையில் பகலிலும் லைட்டுப் போட்டால்தான் முகம் தெரியும். கடைசிச் செங்கல் விழுந்ததும் வெயில் உள்ளே வந்து பெரியவர் முகத்தின் மேல் விழுந்தது. வெளியே பக்கத்துக் காலி மனையில் எருமை ஒன்று நின்று, உடைந்த வழியாக எங்களை எட்டிப் பார்த்தது. மகள் அதைப் பார்த்து, அந்த நேரத்திலும், ஒரு சிரிப்புச் சிரித்தாள். பிறகுதான் அழுகை வந்தது அவளுக்கு. "அப்பா வீட்லேருந்து போவுது பெரிம்மா," என்று உன்னைக் கட்டிக்கொண்டாள். நாலு பேர் குனியாமல் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு இருந்தது அந்தத் திறப்பு. அளவும் நீ சொன்னதுதான்.

கிளார்க் சார் காலி செய்து போனார். நீ அவர் இருந்த மாடி வீட்டில் ஏழுமலை குடும்பத்தை ஏற்றிவிட்டு, கீழ் வீட்டைப் பூட்டினாய். திறப்பைத் தென்னங்கீற்றால் மறைத்து வைத்திருந்தாய்.

கருமாதிக்குக் குப்பத்திலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருத்தர் வேறு பஞ்சாங்கம் கொண்டுவந்தார். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனவர் நிமிர்ந்தார். "யார் சொன்னது அடைப்புன்னு? இந்தப் பஞ்சாங்கப்படி விடியறதுக்கு முன்னயே நட்சத்திரம் மாறிடுச்சே. முற்பகல்லதானே போனாரு? அடைப்பே இல்லியே!"

ஜோசியர் பார்த்தது ஒரு பஞ்சாங்கம், இது இன்னொன்று. ரெண்டுக்கும் நட்சத்திரம் மாறுகிற நேரம் கொஞ்சம் முன்னே பின்னே. அந்த இடுக்கில் போயிருக்கிறார் பெரியவர். மகள் வாயில் துணியை வைத்துக்கொண்டு, "சும்மா ஒடைச்சுட்டமே பெரிம்மா, உன் செவுத்த சும்மா ஒடைச்சுட்டமே" என்று உன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். இருமல் வருகிற வரை சிரித்தாய்.

"ஏ புள்ள, எழுந்திரு. ஒரு பஞ்சாங்கம் செவுத்தத் தொறந்து வுட்டுது, இன்னொரு பஞ்சாங்கம் வீட்டைத் தொறந்து வுட்டுது. எனக்கு ரெண்டும் லாபம். நாளைக்கே பூட்டை எடு, கீழ எறங்கி வா. பாய், அந்த எடத்துல ஒரு ஜன்னல் வச்சுடு."

பண்ருட்டியிலிருந்து பலாமரத்தில் நிலை வாங்கி வந்து வைத்தார்கள். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. பிறகு வந்தவர்கள் எல்லாரும் கீழ் வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். நீயும் கைக்கு வசதி வரும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டுக் கிழக்குச் சுவரையும் திறந்துகொண்டே வந்தாய். கிளார்க் சாரே ரொம்ப நாள் கழித்து வந்து, மாடி காலியா என்று கேட்டார். "இருக்கு சார், வாங்க" என்றாய். அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு இல்லை. நான் என்றால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

தானே புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நீ விற்ற தோப்பும் போனது. உன் கொழுந்தனார் அதற்கப்புறம் உன் மூளையைப் பற்றிப் பேசவில்லை. விழுந்த பலாவில் நல்ல கட்டையாகப் பார்த்து, பாக்கி வீடுகளுக்கு ஜன்னல் நிலைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மாசி மாசத்தில் பஸ் ஏறினாய். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

வேனில் உன்னைக் கொண்டுவந்தபோது உன் கொழுந்தனார் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வெளியில போன உசுரு. உள்ள கொண்டாரக்கூடாது. வாசல்லயே பந்தலைப் போட்டு வைங்க."

அதுதான் முறை என்று நாலு பேர் தலையாட்டினார்கள். கூடப் பிறந்தவன் நான், மரமாக நின்றேன். ஏழுமலை சம்சாரம் கருவாட்டுக் கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு வந்தாள்.

"தூக்குங்க உள்ள. கீழ் வீட்ல வைங்க."

"நீ யாரும்மா அதைச் சொல்ல?"

"அந்த வீட்டுக்கு வாடகை குடுக்குறவ. என் வீட்டுக்குள்ள யாரை வைக்கணும்னு நான் சொல்றேன்."

"இனிமே இந்த எடத்துக்கு ஓனரு யாருன்னு தெரியுமா? நான்."

"ஓனரா?" என்றாள் அவள். வேனுக்குள் கையைக் காட்டினாள். "ஓனரு இதோ படுத்திருக்கு. இது எந்திரிச்சு வந்து காலி பண்ணச் சொல்லட்டும், பண்றேன். அதுவரைக்கும் நவுருங்க."

அவர் நகர்ந்தார். எப்படி நகர்ந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

உன்னைக் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே கிடத்தினோம். அவள்தான் உன் தலையை வாரிவிட்டாள். நீ அவளுக்குத் துடைத்த மாதிரியே முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தாள். மறுநாள் எடுக்கும்போது, "பெரிம்மாவ வாசல் வழியாவே எடுங்க, அவங்க வாசல் அது" என்றாள். அப்படியே எடுத்தோம்.

கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவன் நான். புயல் ஒரு ராத்திரியில் காட்டையே படுக்க வைத்ததையும் பார்த்தேன். ரெண்டும் பெரிசுதான். ஆனாலும் எதற்காவது என் உடம்பு சிலிர்க்கிறது என்றால், சேலையைச் செருகிக்கொண்டு நீ அந்த முதல் குத்துக் குத்தினாயே, அதற்குத்தான். எந்த வீட்டுக்குள் போனாலும் என் கண் முதலில் கிழக்குச் சுவரைத்தான் தேடுகிறது. ஜன்னல் இல்லாத வீட்டில் என்னால் உட்கார முடிவதில்லை.

அன்றைக்கு அந்தச் சுவர் பக்கம் நின்றவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்விட்டார்கள், அக்கா. பாய் போனார். கிளார்க் சார் போனார். ஏழுமலையும் போனான், ஆட்டோவை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியவன். நானும் கிளம்புகிற வயசுதான், என்னைச் சேர்க்க வேண்டாம். மிச்சம் அவள் ஒருத்தி. இன்னும் கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். நீ அவளைப் புள்ள என்பாய், ஏழுமலை ஏய் என்பான், ஊரெல்லாம் ஏழுமலை சம்சாரம். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது கேட்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இத்தினி வருஷம் கழிச்சாவது கேட்டியே மாமா. தெய்வானை."